சிரிப்பை விட்டுவைத்த திருடன்

துப்பறியும் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் காலடி கம்பீரமாக விழ வேண்டும். மீதியெல்லாம் எப்படியும் சொதப்பத்தான் போகிறது, முதலாவதாவது உருப்படியாக இருக்கட்டுமே என்றுதான்.

அன்று அதுவும் நடக்கவில்லை. நாலாவது மாடியில் அந்த ஃபிளாட்டின் கதவைத் தட்டினேன். "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தள்ளினேன். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அப்போதும் அசையவில்லை. உள்பக்கமும் யாரோ மூச்சைப் பிடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அத்தான், அது வெளிப்பக்கமா திறக்கிற கதவு" என்றாள் பின்னால் நின்ற சின்னவள். "அவங்க நமக்காகத் தள்ளுறாங்க, நீங்க அவங்களுக்கு எதிரா தள்ளுறீங்க. ரெண்டு பேரும் நல்லா வேலை செய்றீங்க. கதவுதான் சும்மா நிக்குது."

நான் விலகினேன். கதவு படாரென்று திறந்து என் மூக்கில் இடித்தது. கம்பீரம் அத்தோடு முடிந்தது.

சின்னவள் என் மனைவியின் தங்கை. சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பல வருஷம் ஊரார் திட்டை வாங்கிக்கொண்டிருந்தவள், "இனிமே திட்டுறது என் முறை" என்று சொல்லிவிட்டு என் அலுவலகத்தில் சேர்ந்தாள். வாசல் பலகையில் 'துப்பறிவாளர் மற்றும் உதவியாளர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு யார் உதவி என்பதை எழுதவில்லை.

கதவைத் திறந்த பெண் ஓவியர். விரலெல்லாம் மை. மேசை மேல் ஒரு லேப்டாப், சுவரெல்லாம் ஆமைப் படங்கள். ஆமை நடக்கிறது, ஆமை தயங்குகிறது, ஆமை திரும்பிப் பார்க்கிறது. கதவுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று, மேலே ஒரு குடையோடு, பயணத்துக்குத் தயாராக நின்றது.

"எங்கயாவது கிளம்புறீங்களா?" என்றேன். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.

"எங்க அண்ணன் வீட்டுக்கு. சாயங்காலம் வண்டி வரும். அதுக்குள்ள நீங்க ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

விஷயம் இதுதான். இணையத்துக்கு அனிமேஷன் படம் செய்வது இவர்கள் தொழில். இவர் வரைவார், வரைந்ததை ஆட வைப்பார், வலைப்பக்கத்தில் ஏற்றுவார். சத்தம் சேர்ப்பது உள்ளே இருப்பவர்.

"உள்ள இருக்கிறவர்னா?" என்றேன்.

"வீட்டுக்காரர்."

"வாடகை வாங்குறவரா?" என்றாள் சின்னவள்.

"உயிரை வாங்குறவர்" என்றார் ஓவியர்.

ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காகப் படம் செய்திருக்கிறார்கள். அங்கே ஸ்கேன் எடுக்கப் பெரிய வளையம் போல ஒரு மெஷின். குழந்தை அதற்குள் அசையாமல் படுக்க வேண்டும். மெஷினோ கடகடவென்று சத்தம் போடும். பயந்து அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பயத்தைப் போக்கத்தான் ஆமை. மழையில் ஒரு குகைக்குள் போகிறது, அசையாமல் படுத்திருக்கிறது, நல்லபடியாக வெளியே வருகிறது. ஆமையின் குரல் ஓவியருடையது.

"அந்தக் காத்திருப்பு அறை தரைக்குக் கீழ இருக்கு. போன்ல சிக்னல் நூல் மாதிரிதான் வரும்" என்றார். "படம் கனமா இருந்தா திறக்கவே திறக்காது. அதனால சைஸுக்கு மருத்துவமனையில ஒரு அளவு சொல்லியிருக்காங்க. ஒரு துளி கூடக் கூடாது."

"சரி, திருட்டு எங்க?"

அவர் லேப்டாப்பைத் திருப்பி, அணைத்து வைத்திருந்த சத்தத்தைத் திறந்துவிட்டார். "நேத்து ஒரு நர்ஸம்மா இதை ஒரு பாப்பாகிட்ட போட்டுக் காட்டியிருக்காங்க. நீங்களே பாருங்க."

பார்த்தோம். மழை பெய்தது. ஆமை தப்தப்பென்று சேற்றில் நடந்தது. மெலிதாக இசை. ஆமை நம்மைப் பார்த்து வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பேச்சே வரவில்லை. படம் முழுக்க வாய் மட்டும் அசைந்தது. கடைசியில் ஆமை குகையை விட்டு வெளியே வந்ததும், எங்கிருந்தோ களுக்கென்று ஒரு சின்னச் சிரிப்பு. அத்தோடு படம் முடிந்தது.

"மழை இருக்கு, நடை இருக்கு, இசை இருக்கு. குரல் மட்டும் காணோம்" என்றார் ஓவியர். "அந்தப் பாப்பா என்ன சொல்லிச்சாம் தெரியுமா? 'ஆமை கத்துது, யாருக்குமே கேக்கல'ன்னு அழுதுச்சாம். மெஷினுக்குள்ளயே போக மாட்டேன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிச்சாம். நாளைக்குக் காலைல அதே பாப்பாவுக்கு மறுபடி ஸ்கேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியான படம் போகணும்."

நான் குறிப்பேட்டை எடுத்தேன்.

"யார் மேல சந்தேகம்?" என்றேன்.

"சந்தேகமே இல்ல. அவர்தான். ஆதாரம்தான் வேணும். ஆதாரமில்லாம போய் நின்னா எங்க அண்ணி, 'நீ என்ன சொன்னே அவரை'ன்னு என்னையே கேப்பாங்க."

அண்ணிகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தேன். "அவர் எதுக்கு அழிக்கணும்?"

"போன வாரம் பெரிய சண்டை. இந்தப் படத்துக்கு மழை வேணும்னார். சும்மா மழை இல்ல. தகரத்துல விழற மழை, இலையில விழற மழை, சேத்துல விழற மழை, தூரத்துல பெய்யற மழை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, அந்தக் கதைதான். என் படம் முழுக்கச் சேர்ந்தாலும் அவர் மழையில பாதி கனம் இல்ல. மழையைக் குறைங்கன்னேன். அதுக்கு அவர், 'மழையை எடுக்கிறதுக்குப் பதிலா உன் குரலை எடுத்தா படம் நல்லாயிருக்கும்'னார்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுத்துட்டார்."

"நீங்க படத்தை ஏத்தறதுக்கு முன்னாடி கேக்கலயா?"

"அவர் உள்ள பதிவு செய்யறப்போ இங்க ஊசி விழுந்தாக் கூட ஆகாது. என் லேப்டாப் எப்பவும் ஊமைதான். அவர் பென் டிரைவ்ல குடுப்பார், நான் அமுக்கிச் சின்னதாக்கி ஏத்துவேன். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்று சொன்னபோது அவர் மேசையில் காய்ந்திருந்த ஒரு மைத்துளியை நகத்தால் சுரண்டினார். நான் அதைக் கவனிக்கவில்லை. என் மூக்கு வலித்துக்கொண்டிருந்தது.

உள்ளறைக்குப் போனோம். படுக்கையறையைத்தான் ஒலி அறையாக்கியிருந்தார்கள். ஜன்னலை ஒரு பழைய மெத்தை அடைத்திருந்தது. ஒலிக்காரர் கழுத்தில் ஹெட்போனோடு நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கிய முகமாகத் தெரியவில்லை.

சுவரை ஒட்டி ஆளுயர அலமாரி, கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மைக்கும் வெறும் ஹேங்கர்களும்தான்.

"இதுதான் குரல் பதிவு பண்ற இடமா?" என்று தலையை உள்ளே விட்டு "ஹலோ" என்றேன். அலமாரி "லோ" என்று திருப்பிச் சொன்னது.

ஒலிக்காரர் முகத்தைச் சுளித்தார். "நேத்து வரைக்கும் அதுல எதிரொலியே கிடையாது சார்" என்றார் தரையைப் பார்த்து.

"எல்லாரும் நீங்கதான் குரலை அழிச்சதாச் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? முன்னறைதானே?" என்றார். சண்டை வந்த நாளிலிருந்து மனைவிக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. "நான் எதையும் அழிக்கல. குரலை அப்படியேதான் வச்சிருக்கேன். கேளுங்க."

ஹெட்போனை மாட்டிவிட்டார். மழைக்கு நடுவில் ஆமை பேசியது.

'நான் இங்கேயேதான் இருக்கேன். உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ மட்டும் கல்லு மாதிரி அசையாம இரு, பாப்போம்.'

குரல் என் தலையைச் சுற்றிலும் நின்றது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை, பின்கழுத்தில்கூட இருந்தது. சின்னவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"முன்னறையில இருக்கிறவங்க குரலா இது? நேர்ல இவ்வளவு பெருசா இல்லயே."

"நல்ல மைக்" என்றார் ஒலிக்காரர். சொல்லிவிட்டு ஒரு வயரை எடுத்து, சிக்கே இல்லாத அந்த வயரில் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

"அவங்க ஏத்தின படத்தைக் கேட்டீங்களா?"

"கேக்கறதே இல்ல. பெத்த பிள்ளைக்கு ஊசி போடறதைப் பக்கத்துல நின்னு பாக்க முடியுமா? நான் பஞ்சு மாதிரி குடுப்பேன், அவங்க அதை நசுக்கித் தகடாக்கி ஏத்துவாங்க."

மனைவிக்குக் கொடுத்த அதே ஃபைலைச் சின்னவளின் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். மூலையில் விரிசல் விட்ட பழைய போன் அது. அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கொசு போலத்தான் பாடும். முன்னறைக்கு வந்து போட்டோம்.

மழை. சேறு. இசை. ஆமைக்குப் பேச்சில்லை. கடைசியில் களுக்கென்று சிரிப்பு.

எனக்குள் விளக்கு எரிந்தது. தவறான அறையில் எரிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே ஒலிக்காரரை அழைத்து வரச் சொன்னேன். கணவனும் மனைவியும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்க, நான் நடுவில் உலாவினேன். இந்த உலாவலை வீட்டில் கண்ணாடி முன் பலமுறை பழகியிருக்கிறேன்.

"சார், நீங்க கெட்டிக்காரர்தான். எங்களுக்குப் போட்டுக் காட்டினது ஒரு ஃபைல், மனைவிக்குக் குடுத்தது வேற ஃபைல். இந்தாங்க, நீங்களே உங்க கையால இந்தப் போன்ல ஏத்தினது. குரல் இருக்கா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தீங்க. கையும் களவுமாப் பிடிபட்டீங்க."

ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆதாரம் கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை.

ஒலிக்காரர் சின்னவள் கையிலிருந்த போனை வாங்கி, தன் ஹெட்போனை அதில் செருகி, என் தலையில் மாட்டி, அதே ஃபைலை ஓடவிட்டார்.

'நான் இங்கேயேதான் இருக்கேன்' என்றது ஆமை, என் தலையைச் சுற்றிலும்.

என் உலாவல் நின்றது. ஆப்பசைத்த குரங்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நேரில் பார்க்காதவர்கள் அன்று அந்த முன்னறைக்கு வந்திருக்கலாம். ஆனால் நான் விடுகிற ஆளா? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்லித்தான் பழக்கம், முயல் மாறினால் என்ன?

"அப்படின்னா" என்று ஓவியர் பக்கம் திரும்பினேன், "நீங்கதான்..."

"நானா? என் குரலை நானே அழிச்சிட்டு உங்களை வரவழைச்சேனா?"

"சில கேஸ்ல குற்றவாளியே..."

"அத்தான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வருவார்" என்று சின்னவள் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்து நிமிஷத்துல புருஷனையும் திருடனாக்கிட்டீங்க, பொண்டாட்டியையும் திருடியாக்கிட்டீங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டா ஆமையைக் கைது பண்ணியிருப்பீங்க."

"வேற யார் இருக்கா அந்த வீட்டுல?"

"அத்தான், அந்தச் சிரிப்பைக் கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். களுக்குன்னு."

"அது யார் சிரிப்பு?"

"ஆமையோடது."

"ஆமை சிரிக்குமா? அது அந்தம்மா சிரிப்பு. பேசி முடிச்சப்புறம் தன்னை அறியாமச் சிரிச்சிருக்காங்க. அதை யாரோ வெட்டி எடுத்துப் பத்திரமா படத்தோட கடைசியில வச்சிருக்காங்க. எரிச்சல்ல இருக்கிற புருஷன் பொண்டாட்டி குரலை அழிக்கிறான்னு வைங்க. முதல்ல எதை அழிப்பான்? சிரிப்பைத்தானே? சண்டையில நம்மள ரொம்ப உறுத்தறது அதுதான். நீங்க அக்காகிட்ட சண்டை போடறப்போ என்ன சொல்வீங்க?"

"'சிரிக்காதே, நான் சீரியஸா பேசறேன்'னு சொல்வேன்."

"பாத்தீங்களா? இவர் பேச்சை அழிச்சிட்டுச் சிரிப்பை மட்டும் விட்டுவச்சிருக்கார்னா, நகையை விட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போன திருடன் மாதிரி. இது கோபக்காரன் வேலை இல்ல."

இதை நானே சொல்லியிருக்க வேண்டும். பிறகு என் அலுவலகக் குறிப்பில் நானே சொன்னதாகத்தான் எழுதிவைத்தேன்.

"அப்போ குரல் எங்க போச்சு?"

"மறுபடி கேப்போம்" என்று பைக்குள் துழாவித் தன் இயர்போனை எடுத்தாள். அதன் ஒரு முனையை என் காதில் செருகி, மறுமுனையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஓடவிட்டாள்.

"எனக்குக் கேக்குது, குரல் நல்லாவே இருக்கு" என்றேன்.

"எனக்கும் கேக்குது. அப்போ இடது பக்கமும் இருக்கு, வலது பக்கமும் இருக்கு." இயர்போனைப் பிடுங்கினாள். போன் தன் ஒற்றை ஸ்பீக்கரில் பாடியது. மழை, சேறு, இசை. குரல் போயே போய்விட்டது.

மறுபடி செருகினாள், வந்தது. பிடுங்கினாள், போனது.

"தனித்தனியா இருக்கு, ஒண்ணாச் சேர்ந்தா இல்ல" என்றாள். "என்ன அத்தான் இது, கல்யாணம் மாதிரி இருக்கு?"

பதில் தெரியாதபோது எழுந்து நடப்பது என் வழக்கம். எழுந்தேன், ஃபிளாட் வாசலுக்குப் போனேன், கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஓவியர் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அத்தான்! அது வெளிப்பக்கமா..."

"இரு, இரு, பேசாதே!" என்று கத்தினேன். தோளை எடுக்கவில்லை. அவர் தள்ளுகிறார், நான் தள்ளுகிறேன். இரண்டு பக்கமும் பலம் இருக்கிறது. நடுவில் இருக்கிற கதவில் மட்டும் ஒன்றுமே நடக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக என் முட்டாள்தனமே எனக்கு ஒரு வழக்கைத் தீர்த்துக் கொடுத்தது. சந்தோஷத்தில் விலக மறந்தேன், மறுபடி மூக்கில் வாங்கினேன்.

மூக்கைப் பிடித்தபடியே இருவரையும் உட்காரச் சொன்னேன். இந்தத் தடவை உலாவவில்லை.

"சார், ஒரே கேள்வி. குரலை அப்படியேதான் வச்சேன்னு சொன்னீங்களே, அது பொய்தானே? இடது பக்கக் குரலும் வலது பக்கக் குரலும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்துத் தள்ளுற மாதிரி ஏதோ பண்ணியிருக்கீங்க."

ஒலிக்காரர் முகம் வெளுத்தது.

"ஒரு பக்கத்தைக் கவுத்துப் போட்டேன். இந்தப் பக்கம் அலை மேல ஏறறப்போ அந்தப் பக்கம் கீழ இறங்கும். ஹெட்போன்ல கேட்டா குரல் விரிஞ்சு பெருசா நிக்கும். சின்ன வித்தைதான்."

"எதுக்குப் பண்ணீங்க?"

"அன்னைக்கு உன் குரல் வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார், பேச்சு எனக்கு இல்லை. "சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேக்க வாய் வரல. சரி, குரலையாவது பெருசாக்கி வைப்போம், கேக்கறப்போ புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன். அந்தச் சிரிப்பை மட்டும் எதுவும் பண்ண மனசு வரல. அது இருக்கிறபடியே இருக்கட்டும்னு கடைசியில சேத்தேன்."

அதனால்தான் சிரிப்பு தப்பித்தது. அதற்கு எதிர்ப் பக்கம் தள்ள ஆளில்லை.

"மேடம், இப்போ நீங்க. அமுக்கிச் சின்னதாக்கினேன், அவ்வளவுதான்னீங்க. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்தீங்களா?"

ஓவியர் மைத்துளியைத் தேடினார். ஏற்கெனவே முழுசாகச் சுரண்டியாகிவிட்டது.

"கலந்தேன். கலக்க மாட்டேன்னு அவர்கிட்ட எப்பவோ சத்தியமே பண்ணியிருக்கேன். இது வரைக்கும் பண்ணதில்ல. இந்தத் தடவைதான்."

"எதுக்கு?"

"ரெண்டு தடம் ஒண்ணானா கனம் ஏறக்குறையப் பாதியாயிடும். மிச்சமான இடத்துல..." அவர் குரல் உள்ளே போனது. "அவரோட மழை முழுசா உக்காந்துச்சு. தகர மழை, இலை மழை, எல்லாமே. ஒரு சொட்டுக் கூட எடுக்கல. சைஸுக்குள்ள அடங்கிடுச்சுன்னு பாத்தா அவருக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு..."

ஒலிக்காரர் தலையைத் தூக்கி மனைவியை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

அவர் குரலைப் பெரிதாக்கினார், இவர் மழையைக் காப்பாற்றினார். அவர் செய்தது இவருக்குத் தெரியாது, இவர் செய்தது அவருக்குத் தெரியாது. ஒருவர் வேலையை ஒருவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற அந்த வீட்டுச் சம்பிரதாயத்தில், இரண்டும் சேர்ந்து ஆமையை ஊமையாக்கிவிட்டன. கதையில் படித்தால் நானே நம்ப மாட்டேன். ஆனால் என் மூக்கு சாட்சி.

"அந்தப் பாப்பாதான் சரியாச் சொல்லியிருக்கு" என்றாள் சின்னவள் மெதுவாக. "ஆமை கத்திக்கிட்டுதான் இருந்திருக்கு."

ஒலிக்காரர் எழுந்தார். "கவுத்ததை நிமித்திடறேன், ஒரு நிமிஷ வேலை. ரெண்டு தடமும் வேண்டாம், ஒத்தைத் தடமே போதும். குரல் நடுவுல நிக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "மழையில ஒரு சின்னத் துண்டு மட்டும் வச்சுக்கோ. அதையே சுத்திச் சுத்தி ஓடவிடு. கனமே இருக்காது. மிச்ச இடத்தையெல்லாம் குரலுக்குக் குடு, ரொம்ப நசுக்காதே."

"ஒரே துண்டு திரும்பத் திரும்ப வர்றது உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். பரவாயில்ல."

"ஒரு வரி புதுசாச் சேக்கணும்" என்றார் ஓவியர். "அந்தப் பாப்பாவுக்காக. அப்படியே விட முடியாது."

எல்லோரும் உள்ளறைக்குப் போனோம். ஓவியர் அலமாரிக்குள் ஏறி நின்று பேசினார். ஒலிக்காரர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எதிரொலிக்குது. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. இதை அமுக்கினா எதிரொலியைச் சுமக்கவே பாதி இடம் போயிடும், பேச்சு கொழகொழன்னு ஆயிடும்."

"நேத்து வரைக்கும் எப்படி எதிரொலிக்காம இருந்துச்சு?" என்றேன்.

வெறும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசின. நான் பெருந்தன்மையோடு என் கோட்டைக் கழற்றி உள்ளே மாட்டினேன். ஒலிக்காரர் கையைத் தட்டிப் பார்த்தார்.

"பத்தாது சார்."

"போர்வை இருந்தா..." என்று ஆரம்பித்தேன். சின்னவள் என் முழங்கையைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு.

ஒலிக்காரர் அலமாரியைப் பார்த்தபடியே பேசினார். "இவ துணி தொங்கினாத்தான் இதுல சத்தம் அடங்கும். அதை வச்சுத்தான் இத்தனை நாள் பதிவு பண்ணேன். அது தெரிஞ்சும் அப்படி ஒரு வார்த்தை சொன்னேன். தப்பு என்னோடதுதான்."

ஓவியர் அலமாரியிலிருந்து இறங்கி முன்னறைக்குப் போனார். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. வெளிக்கதவுப் பக்கம் போகிறதோ என்று காதைக் கூர்மையாக்கினேன். சத்தம் கிட்டே வந்தது. பெட்டியை உள்ளே உருட்டி வந்து, திறந்து, ஒவ்வொரு உடையாக எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

"சத்தத்துக்காகத்தான்" என்றார். யாரும் கேட்கவில்லை.

"ஆமா, சத்தத்துக்காக" என்றார் ஒலிக்காரர். அவரும் ஒரு ஹேங்கரை எடுத்து நீட்டினார்.

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஓவியர் நிமிர்ந்து, "ஏங்க..." என்றார். வந்ததிலிருந்து அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறேன்.

"அந்த வண்டியில நாங்க போயிக்கறோம்" என்றாள் சின்னவள். "அத்தானுக்கு மூக்கு உடைஞ்சிருக்கு, படி இறங்கறதே கஷ்டம். கொஞ்ச நேரம் நிக்கச் சொல்றேன்."

ஓவியர் துணிகளுக்கு நடுவில் நின்றார். அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கதவை அசையாமல் பிடித்து நிற்க என்னைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரிலேயே கிடையாது.

'நேத்து என் பேச்சு உனக்குக் கேக்கல' என்றார் ஓவியர் மைக்கில். 'ஆனா நீ என்னைப் பத்திக் கவலைப்பட்டது எனக்குக் கேட்டுது. இன்னைக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே உள்ள போவோம், சரியா?'

சரியாக அந்த இடத்தில் ஒரு ஹேங்கர் நழுவி என் மூக்கிலேயே விழுந்தது. நான் கத்தவில்லை, தொழில் தர்மம். ஆனால் என் முகம் ஏதோ செய்திருக்க வேண்டும். ஓவியர் களுக்கென்று சிரித்தார். ஒலிக்காரரும் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

"இதை வெட்டிடவா?" என்றார்.

"வேண்டாம், இருக்கட்டும்."

படம் மருத்துவமனைக்குப் போவதற்கு முன், இரண்டு பேருமாக உட்கார்ந்து சின்னவளின் விரிசல் விட்ட போனில் அதை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார்கள். ஒற்றை ஸ்பீக்கர், ஒற்றைத் தடம். ஆமை ஒரு வார்த்தை விடாமல் பேசியது. கடைசியில் வந்த சிரிப்பில் இரண்டு பேர் இருந்தார்கள்.